பேஸ்மென்ற் முடிக்கப் போகிறீர்களா? வேப்பர் பாரியர் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்ற் (நிலக்கீழ்த் தளம்) முதலே முடித்துக் கட்டப்பட்டிருந்தது. வெள்ளைச் சுவர், லமினேற் தரை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜூன் பிறந்ததும் ஒரு மூலையில் ஈரச்சாக்கு மணம் வரத் தொடங்கியது. ஜூலை நடுவில் ஒருநாள் பொறுக்க முடியாமல் ட்றைவோலை (உட்சுவர் ஜிப்சம் பலகையை) முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் பார்த்தேன். பிளாஸ்ரிக் தாளின் பின்பக்கம், அதாவது கொன்கிறீற் பக்கம், முழுக்க நீர்முத்து. விரலால் சுண்டினால் கோடு கோடாக ஓடி அடிக்கட்டையில் போய் நின்றது. அடிக்கட்டை கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது, ஸ்ரேப்பிள் எல்லாம் துரு, உள்ளே இருந்த இளஞ்சிவப்பு இன்சுலேஷனைக் கையில் எடுத்தால் நனைந்த பஞ்சுத் தலையணை மாதிரிப் பாரம். சுவரில் வெடிப்பு இல்லை. மழைத்தண்ணீரும் வரவில்லை.

வேலை செய்தவர் பிளாஸ்ரிக்கை ஒழுங்காகத்தான் அடித்திருந்தார். புது வீடு கட்டிய முதல் கோடையிலேயே, கொன்கிறீற் காயும் முன், சுவரை மூடியதுதான் பிழை. அந்தச் சுவரைக் கழற்றி மறுபடி கட்ட எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. இதே வேலையை மார்க்கத்திலும் பிரம்ப்டனிலும் ஏஜாக்ஸிலும் எத்தனையோ பேர் இப்போது செய்துகொண்டிருக்கிறார்கள், வாடகைக்கு விடவோ அம்மா அப்பாவைக் கூட்டி வைத்திருக்கவோ. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீராவி எந்தப் பக்கம் போகிறது

சூடான, ஈரமான பக்கத்திலிருந்து குளிர்ந்த, காய்ந்த பக்கத்துக்கு நீராவி போகும். மேல்வீட்டுச் சுவரில் இது லேசான கணக்கு. குளிர்காலத்தில் உள்ளே 21 பாகை, 35 வீத ஈரப்பதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று ஏறக்குறைய 5 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதையாவது தொட்டால் தண்ணீர் விடும். அதனால் அது இன்சுலேஷனைத் தாண்டிக் குளிர்ந்த பக்கம் போகாதபடி, சூடான பக்கத்தில், ட்றைவோலுக்கு நேர் பின்னால் பிளாஸ்ரிக் அடிக்கிறோம். வேப்பர் பாரியர் என்பது இதுதான்.

பேஸ்மென்ற் சுவர் அப்படி இல்லை, அது இரண்டு சுவர் ஒன்றாக நிற்பது மாதிரி. நிலத்துக்கு மேலே தெரியும் ஒன்று, இரண்டு அடி குளிர்காலத்தில் உறைந்துபோகும், ஆனால் அந்தப் பகுதி வெளிப்பக்கமாகக் காயலாம். மண்ணுக்குள் இருக்கும் பகுதிக்கு அந்த வசதி இல்லை. ரொறன்ரோப் பக்கம் அத்திவாரத்தை 4 அடிக்குக் கீழே இறக்குவதே அதற்குக் கீழே மண் உறையாது என்பதால்தான், அந்த மண் வருடம் முழுவதும் ஈரமாகவும் இருக்கும். அங்கே உள்ள கொன்கிறீற் காய வேண்டுமென்றால் வீட்டுக்குள்தான் காய வேண்டும். கோடையில் நீங்கள் ஏசி போட்டு உள்ளே காற்றைக் குளிர்த்திக் காய வைத்திருப்பீர்கள், நீராவி வெளியிலிருந்து உள்ளே தள்ளும், வந்து பிளாஸ்ரிக்கில் முட்டி நிற்கும். நான் வெட்டிப் பார்த்தபோது கண்ட நீர்முத்து அதுதான்.

ஆகவே பேஸ்மென்றில் கேள்வி இரண்டு: குளிர்காலத்தில் வீட்டுக் காற்று கொன்கிறீற்றைத் தொடாமல் எப்படி மறிப்பது, கோடையில் கொன்கிறீற்றிலிருந்து வரும் ஈரம் மரச் சட்டத்துக்குள் மாட்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. இரண்டுக்கும் பதில் சொல்லாத சுவரை மூடாதீர்கள்.

முதலில் தண்ணீர்

எந்தப் பிளாஸ்ரிக்கும் ஈரச் சுவரைக் காய வைக்காது, மறைத்து மட்டும் வைக்கும். முதல் வேலை வெளியில்தான். பெருமழை பெய்யும்போது குடையோடு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். பீலி நிரம்பிச் சுவரோடு வழிகிறதா, பீலிக் குழாய் அத்திவாரத்துக்குப் பக்கத்திலேயே கொட்டுகிறதா, மண் சுவரை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று. குழாயை 6 அடி தள்ளி நீட்டி, மண்ணை வெளிப்பக்கம் சரித்து விட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும், செலவும் பெரிதாக இல்லை. 2013 ஜூலை 8ஆம் தேதி பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர் மழை விழுந்தது, 2024 ஜூலை 16ஆம் தேதி மறுபடி 100 மில்லிமீற்றருக்குக் கிட்ட. அப்படியான மழை திரும்ப வரும் என்று நினைத்தே திட்டம் போடுங்கள்.

உள்ளே, கொன்கிறீற் ஊற்றும்போது பலகைகளை இழுத்துப் பிடித்த கம்பிகளின் அடையாளம் வரிசையாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளில் துருக்கறையோ வழிந்த தடமோ இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். ஜன்னல் மூலைகளிலிருந்து கீழே இறங்கும் மயிர் வெடிப்புகளும் அப்படித்தான். ஒழுகினால் எப்பொக்சியோ பொலியூரித்தேனோ ஊசியேற்றி அடைக்க வேண்டும், மேலே பூச்சு அடித்து விடுவது காணாது. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்த இடத்தால் தண்ணீர் வந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், தட்டிவிட்டுப் போகாமல் ஏன் என்று தேடுங்கள்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்ரிக் துண்டு ஒன்றை வெறும் கொன்கிறீற்றில் நாலு பக்கமும் ரேப் போட்டு இறுக்கி ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். எடுக்கும்போது பிளாஸ்ரிக்கின் பின்பக்கம் ஈரமென்றால் சுவர் ஈரத்தை விடுகிறது. முன்பக்கம் ஈரமென்றால் அறைக் காற்றில்தான் ஈரம் கூட, டிஹியுமிடிஃபயர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) போடுங்கள். ஒரு சுவரில் மட்டும் செய்யாமல் நாலு சுவரிலும், கீழேயும் மேலேயும் ஒட்டிப் பாருங்கள்.

புது வீடா? ஒரு வருடமாவது, முடிந்தால் இரண்டு, பொறுங்கள். கொன்கிறீற் ஊற்றிய தண்ணீர் வெளியேற அவ்வளவு காலம் எடுக்கும். வாடகைக் காசு கையைவிட்டுப் போகிறதே என்று இருக்கும், எனக்கு விளங்குகிறது. ஆனாலும் பொறுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

எல்லாரும் செய்வது 2×4 மரச் சட்டம், இடையில் ஃபைபர்கிளாஸ் இன்சுலேஷன், மேலே 6 மில் பொலி, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு மொத்தமான பொலித்தீன் தாள். விலை குறைவு, இன்ஸ்பெக்டர்களுக்குப் பழக்கம். காய்ந்த, பழைய, நல்ல வடிகால் உள்ள சுவருக்கு இது போதும். ஆனால் இதில் ஃபைபர்கிளாஸைத் தாண்டிக் காற்று சுழல்கிறது, கொன்கிறீற் குளிர்ந்தபடியே இருக்கிறது, எல்லாப் பாரமும் அந்த ஒற்றைப் பிளாஸ்ரிக் தாளின் மேல் விழுகிறது. ஒரு ஓட்டை போதும்.

என்னிடம் கேட்டால் நான் சொல்வது ஃபோம் போர்ட். 2 அங்குல எக்ஸ்பிஎஸ் (இறுக்கமான பொலிஸ்ரைரீன் ஃபோம்) போர்டை நேராகக் கொன்கிறீற்றில் ஒட்டி, பொருத்துகளுக்கு ரேப் போட்டு, அதற்கு முன்னால் 2×4 சட்டம் நிறுத்தி ஆர்-12 அல்லது ஆர்-14 இன்சுலேஷன் வைப்பது (ஆர் என்பது வெப்பத்தை மறிக்கும் அளவு, எண் கூடக்கூட நல்லது). எக்ஸ்பிஎஸ் அங்குலத்துக்கு ஆர்-5, ஆக 2 அங்குலம் ஆர்-10. ஒன்ராறியோ எரிசக்தி விதிகளில் பேஸ்மென்ற் சுவருக்கு 12+10 என்று ஒரு வழி எழுதியிருக்கிறதே, அது கிட்டத்தட்ட இந்த அமைப்புத்தான். வீட்டுக் காற்று தொடும் பக்கம் இப்போது சூடான ஃபோம், குளிர்ந்த கொன்கிறீற் அல்ல, அதனால் தண்ணீர் விட இடமில்லை. மண்ணின் ஈரமும் மரத்துக்கு வராது. 2 அங்குல எக்ஸ்பிஎஸ்ஸே 1 பேர்முக்குக் கீழே (பேர்ம் என்பது நீராவி எவ்வளவு ஊடுருவும் என்ற அளவு), அதாவது நீராவியைத் தானே நன்றாக மறிக்கிறது. இதற்கு மேலே பொலி வேண்டாம். அடித்தால் ஃபோமுக்கும் பொலிக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் ஈரம் எந்தப் பக்கமும் போகாது, நடுவில் நிற்பது உங்கள் மரச் சட்டம். சில இன்ஸ்பெக்டர்கள் பொலி எங்கே என்று கேட்பார்கள், அதனால் வேலை தொடங்கும் முன்பே நகரசபையில் படத்தைக் காட்டிப் பேசி எழுத்தில் வாங்கி வையுங்கள்.

குளோஸ்ட் செல் ஸ்பிறே ஃபோம், அதாவது சுவரில் விசிறி அடித்ததும் பொங்கி இறுகும் ஃபோம், இன்னும் நல்லது, அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-6. கல்லுச் சுவர், கோணல்மாணலான பழைய சுவர் என்றால் வேறு வழியே இல்லை. செலவு அதிகம், அடிக்கும்போதும் அதன் பிறகு ஒரு நாளும் வீட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது, குழந்தைகள் இருந்தால் இரண்டு நாளுக்கே வேறு இடம் பாருங்கள். எந்த ஃபோமென்றாலும் திறந்தபடி விடக்கூடாது, தீப்பிடித்தால் பொல்லாத புகை வரும், ட்றைவோலால் மூடியே ஆக வேண்டும்.

நடுவழி ஒன்றும் உண்டு. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாறும் தாள், செர்ரின்ரீட் நிறுவனத்தின் மெம்பிறெய்ன் போன்றது. காய்ந்த குளிர்காலத்தில் 1 பேர்முக்குக் கீழே இறுகி நிற்கும், கோடையில் பின்பக்கம் ஈரம் கூடினால் 10 பேர்முக்கு மேலே திறந்து சுவரைக் காய விடும். 6 மில் பொலி எந்தக் காலத்திலும் 0.06 பேர்ம் அளவில் அசையாமல் நிற்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஃபோமுக்குக் காசு இல்லை, சுவரும் முழு நம்பிக்கை தரவில்லை என்றால், ஃபைபர்கிளாஸுக்கு மேலே பொலிக்குப் பதில் இதை அடியுங்கள்.

பொலி வாங்குவதென்றால் உருளையில் சிஜிஎஸ்பி 51.34 என்ற கனேடியத் தர முத்திரையைப் பாருங்கள். பெயின்ற் அடிக்கும்போது தரையில் விரிக்கும் மெல்லிய பிளாஸ்ரிக்கும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், விலையும் குறைவு, ஆனால் அது இன்ஸ்பெக்ஷனில் நிற்காது. 102 அங்குல அகல உருளை வாங்கினால் எட்டடிச் சுவருக்கு நடுவில் படுக்கைப் பொருத்து வராது.

இனித் தார்த்தாள். ஒன்ராறியோவில் மரச் சட்டத்துக்கும் இன்சுலேஷனுக்கும் பின்னால், கொன்கிறீற்றில், ஈரத்தடுப்புத் தாள் அல்லது பூச்சு வேண்டும் என்பது விதி. பலர் அதைக் கூரை வரை இழுத்து விடுகிறார்கள், அது பிழை. தரையிலிருந்து வெளியில் மண் இருக்கும் மட்டம் வரைதான், அதற்கு மேலே விடக்கூடாது, ஏனென்றால் மேலே உள்ள கொன்கிறீற் வெளிப்பக்கம் காயும் பகுதி. அங்கே தாளுக்குப் பின்னால் தண்ணீர் கோர்த்தால் குளிர்காலத்தில் ஐஸ் பிடிக்கும். வெளியில் மண் மட்டத்தை ஜன்னல் வழியாக அளந்து உள்ளே சோக்கால் ஒரு கோடு போட்டுக்கொண்டு அந்தக் கோட்டில் வெட்டுங்கள். கொன்கிறீற்றில் பிளாஸ்ரிக் தாளை ஒட்டி ட்றைவோலுக்குப் பின்னாலும் பிளாஸ்ரிக் அடித்த சுவர்களையும் பார்த்திருக்கிறேன், இன்னும் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது. இரண்டு மூடிக்கு நடுவில் மரத்தை வைத்தால் அது புழுங்கித்தான் உக்கும்.

பொருத்தும் வேலை

ஃபோம் போர்ட் போடுகிறவர்கள், ஃபோமுக்கென்று எழுதியிருக்கும் பசையை மட்டும் வாங்குங்கள், மற்றவை சில ஃபோமைக் கரைத்துவிடும். போர்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்று ஓடாதபடி அழுத்தி ஒட்டி, மேலும் கீழும் ஸ்பிறே ஃபோம் டப்பாவால் அடைத்து, பொருத்துகளுக்கு ரக் ரேப் என்ற சிவப்புக் கட்டட ஒட்டுநாடா. அவ்வளவுதான்.

பொலி போடுகிறவர்களுக்குத்தான் நுணுக்கம் கூட. சட்டத்தைக் கொன்கிறீற்றோடு முட்ட விடாமல் அரை அங்குலமாவது முன்னால் நிறுத்துங்கள், அடிக்கட்டைக்குக் கீழே நுரைப் பட்டை போடுங்கள், ஏனென்றால் தரையும் ஈரம் விடும். உள் அறைச் சுவர்கள் வெளிச்சுவரில் வந்து சேரும் இடங்களில், அந்தச் சட்டத்தை ஆணி அடிக்கும் முன்பே பின்னால் இரண்டடி அகலப் பொலித் துண்டு ஒன்றை விட்டுவிடுங்கள். படிக்கட்டின் பக்கப் பலகைக்குப் பின்னால், குளியல் தொட்டிக்குப் பின்னால், கரண்ட் பனலுக்குப் பின்னாலும் இதேதான். இதை மறந்தால் பிறகு கை போகாது, என் பழைய சுவரில் படிக்கட்டுப் பக்கம்தான் மோசமாக இருந்தது.

மேல்தளத்தைத் தாங்கும் ஜோயிஸ்ட் கட்டைகள் வெளிச்சுவரில் முட்டும் சின்னச் சின்னப் பெட்டிகளை முதலில் முடியுங்கள். வீட்டிலேயே குளிர்ந்த மரம் அதுதான். அங்கே ஃபைபர்கிளாஸைச் சுருட்டித் திணிப்பது எல்லாரும் செய்வது, அதற்குள்ளால் காற்று போய்ப் பின்னால் மரத்தில் பனி பிடிக்கும். எக்ஸ்பிஎஸ்ஸை ஒவ்வொரு பெட்டிக்கும் அளந்து கொஞ்சம் சின்னதாக வெட்டி வைத்து, சுற்றிவர டப்பா ஃபோம் அடியுங்கள். ஒரு பெட்டிக்கு ஐந்து நிமிடம் எடுக்கும், சலிப்பான வேலைதான், அவசரப்படாதீர்கள்.

பொலி அடிக்க இரண்டு பேர் வேண்டும். கறுப்பு அக்கூஸ்ரிக்கல் சீலன்ற், இறுகாத வகை அடைப்புப் பசை, மேற்கட்டையில் ஒரு சுண்டுவிரல் மொத்தக் கோடாக இழுங்கள். அதன் மேல் பொலியை வைத்துச் சீலன்ற் கோட்டுக்குள்ளாலேயே ஸ்ரேப்பிள் அடியுங்கள், அப்போதுதான் ஸ்ரேப்பிள் போட்ட ஓட்டையும் அடைபடும். ஒருவர் உருளையைப் பிடித்துக்கொண்டு நடக்க மற்றவர் அடித்துக்கொண்டு போகலாம். பழைய உடுப்புப் போடுங்கள், இந்தச் சீலன்ற் பட்டால் அந்த உடுப்பு போனதுதான், கையில் பட்டதும் நாலு நாள் இருக்கும். மூலைகளில் பொலியை இறுக்கி இழுக்க வேண்டாம், ஒரு கைப்பிடி தளர்வாக விட்டு மூலைக்குள் அழுத்துங்கள், இல்லாவிட்டால் ட்றைவோல் அடிக்கும்போது கிழியும், கிழிந்தது உங்களுக்குத் தெரியவும் மாட்டாது. இரண்டு தாள் சேரும் இடம் எப்போதும் ஒரு ஸ்ரட்டின் (சட்டத்தின் நெடுங்கட்டையின்) மேல் வரட்டும், 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று, நடுவில் சீலன்ற், மேலே ரக் ரேப். ஸ்ரட் இல்லாமல் காற்றில் தொங்கும் பொருத்தில் ரேப் சில வருடத்தில் உரிந்துவிடும். கீழேயும் அடிக்கட்டையில் சீலன்ற் கோடு போட்டே முடியுங்கள், பலர் மேலே கவனமாக ஒட்டிவிட்டுக் கீழே பாவாடை மாதிரித் தொங்க விடுகிறார்கள்.

ஜன்னலுக்கு மேல் முழுத் தாளையும் அடித்துவிட்டு நடுவில் பெருக்கல் குறியாக வெட்டி, நாலு முக்கோணத்தையும் உள்ளே மடித்து ஜன்னல் சட்டத்தில் ஒட்டுங்கள். கரண்ட் பெட்டிகள்தான் அதிகம் ஒழுகும் இடம். வெளிச்சுவரில் போடும் பெட்டிக்குப் பின்னால் பிளாஸ்ரிக் தொப்பி ஒன்று போடுவார்கள், அல்லது விளிம்பில் நுரைப் பட்டை உள்ள பெட்டி கிடைக்கும். எலக்ட்ரீஷியனிடம் வயர் இழுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், வயர் நுழையும் ஓட்டையும் சீலன்ற் கேட்கும்.

ஏன் இவ்வளவு ஓட்டை ஓட்டை என்று சொல்கிறேன் என்றால், பில்டிங் சயன்ஸ் கோர்ப்பரேஷன் என்ற கட்டட ஆலோசனை நிறுவனத்தின் பொறியியலாளர் ஜோசப் லிஸ்ரிபுரெக் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு ஒன்று இருக்கிறது. குளிரான இடத்தில் ஒரு 4×8 ட்றைவோல் பலகை வழியாகக் குளிர்காலம் முழுவதும் ஊறிப் போகும் நீராவி லீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான், அதே பலகையில் ஒரு சதுர அங்குல ஓட்டை இருந்தால் காற்றோடு போவது ஏறத்தாழ 28 லீற்றர். தாள் நல்லதா என்பதைவிட அதை எப்படி மூடினீர்கள் என்பதுதான் பேசும்.

ட்றைவோலுக்கு முன்னும் பின்னும்

மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் ரேப் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள், வயரும் குழாயும் எங்கே என்று பிறகு தேடத் தேவையில்லை. எந்த வேலைக்குப் பெர்மிற் வேண்டும் என்பது நகரத்துக்கு நகரம் மாறும், தனிக் குடியிருப்பாக வாடகைக்கு விடுவதென்றால் கட்டாயம் வேண்டும். கரண்ட் வேலைக்கு மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். இன்சுலேஷனையும் பொலியையும் இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகே ட்றைவோல், முந்தி மூடிவிட்டால் திறக்கச் சொல்வார்.

குடி வந்த பிறகும் ஒரு கவனம். ஜூலையில் பேஸ்மென்ற் மணக்கிறது என்று ஜன்னலைத் திறந்து விடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். வெளியே 26 பாகை, 70 வீத ஈரப்பதன் என்றால் அந்தக் காற்று 20 பாகைக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீர் விடும், பேஸ்மென்ற் தரை அதைவிடக் குளிர்ந்திருக்கும். நீங்கள் ஈரத்தை உள்ளே அழைக்கிறீர்கள். ஜன்னலை மூடி டிஹியுமிடிஃபயரை 50 வீதத்தில் வைத்து, அதன் குழாயை வடிகாலில் விடுங்கள். கீழே சமையலறை இருந்தால், புட்டும் இடியப்பமும் அவிக்கும் வீட்டில் அடுப்புக்கு மேலே உள்ள விசிறி காற்றை வெளியே தள்ளும் வகையாக இருக்க வேண்டும், வடிகட்டி விட்டு அறைக்குள்ளேயே திருப்பி ஊதும் வகை காணாது. துணி காய வைக்கும் கொடியும் கீழே வேண்டாம், வாடகைக்கு இருக்கும் மாணவர்களுக்கும் வரும்போதே பண்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஈரப்பதன் காட்டும் சின்னக் கருவி பத்துப் பதினைந்து டொலருக்கு வரும், ஒன்றைப் படிக்கட்டுப் பக்கம் மாட்டுங்கள். குளிர்காலத்தில் 30 முதல் 35 வீதம். ஜனவரியில் அது 50ஐக் காட்டி ஜன்னல் கண்ணாடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் நின்றால், அன்றைக்கே விசிறியையும் காற்றோட்டக் கருவியையும் போய்ப் பாருங்கள்.